அங்கன்வாடியை நடத்துவது யார்?

வக்கீல் ஒருவர் தமது கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லப் போனார் என்று கேட்டால், நமது வக்கீல் நண்பர்களில் பலர் நகைப்பார்கள். ஆயினும் கத்தியவாரில் பாவநகரத்தில் கிஜுபாய் பதேகா அவ்விதமே செய்தார். 1916-ஆம் வருஷத்தில் தக்ஷிணாமூர்த்தி வித்தியாசாலையில் சேர்ந்த அவர், 1920-இல் அங்கே பாலமந்திர் ஒன்றை ஏற்படுத்தினார். மீசைக்காரத் தாய் என்று ஜனங்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். மாண்டிஸோரி அம்மையாரின் முறையைக் கைக்கொண்டாரேயன்றி அவர் அதற்கு அடிமையாகவில்லை. நம் நாட்டுக் கதைகளையும் பாட்டுக்களையும் நாடகத்தையும் அதனுள் தாராளமாகப் புகுத்தினார்.

ஆனால், சிறு குழந்தைகளின் சாலையை நிர்வகிப்பது எவ்விதம் என்று அறிய விரும்புவோர், அவருடைய சகாவாகிய தாராபாய் மோடக் அம்மையாரின் சரித்திரத்தையே முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ராஜகோட்டில் பெண் உபாத்தியாயர்களைப் பயிற்றும் கலாசாலைக்குத் தலைமை வகித்த பின் 1923-இல் பாவநகருக்கு வந்தவர் அவர். 1945-இல், பம்பாய்க்கு வடக்கே கடலோரக் கிராமமாகிய போர்டியில், அனுதாய் வாக் அம்மையாரின் துணைகொண்டு கிராமக் குழந்தைகளுக்கென ஒரு கல்வி நிலையம் திறந்தார். திறந்தால் போதுமா? ஏழைகளின் குழந்தைகள் வரவில்லை. தாயும் தகப்பனும் கூலி வேலையில். மூத்த குழந்தையின் இடுப்பில் இளைய குழந்தை. மணியடித்தால் யார் வருவார்? வேறொரு நிர்வாகியாயிருந்தால், ஜனங்களுக்குக் கல்வியில் சிரத்தையில்லை என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். தாராபாயோ பள்ளிக்கூடத்தையே குடிசைகளின் முற்றத்துக்குக் கொண்டுபோனார். முதலில் குளிப்பாட்டல், நகம் வெட்டல், தலைவாரல். பாடமெல்லாம் அதற்குப் பிறகே. விலையுயர்ந்த மாண்டிஸோரிக் கருவிகளின் ஸ்தானத்தில் கூழாங்கல்லும் இலையும் விதையும் வந்து சேர்ந்தன. அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி பிறந்தது இப்படித்தான்.

1957-இல் அந்த நிலையம் கோஸ்பாட் குன்றுக்கு, வார்லி ஆதிவாசிகளின் நடுவே மாறிற்று. அங்கே கைக்குழந்தைகளின் காப்பகம், பாலவாடி, ஆரம்பப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அக்காள் வகுப்பில் உட்காரலாம். இத்தீர்மானங்களைச் செய்தவர்கள் குழந்தையின் பக்கத்திலேயே நின்றவர்கள் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி ஸர்க்காரின் அங்கன்வாடிக்கு வருவோம். 1975-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று தேசமெங்கும் சுமார் 14 லக்ஷம் மையங்களாகப் பரவியிருக்கிறது. இது பெரிய காரியம், மறுப்பவர் யாருமில்லை. ஆனால் பெயரை எடுத்துக்கொண்ட ஸர்க்கார், நிர்வாக முறையை எடுத்துக்கொண்டதா? மையத்தின் முழுப் பொறுப்பும் ஒரு ஸ்திரீயினுடையது; அவருக்கு உதவியாளர் ஒருவர் உண்டு. சத்துணவு கொடுக்க வேண்டும். எடை பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு ஆள் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போக வேண்டும். பதிவேடுகள் எழுத வேண்டும். 2021 முதல் கைப்பேசிச் செயலியிலும் அவற்றைப் பதிய வேண்டும். பல இடங்களில் வாக்காளர் ஜாபிதா வேலையும் அவர் தலையில்தான். இவ்வளவுக்கும் இடையில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி! எந்த உணவு, எந்தப் படிவம், எந்தத் தேதி என்பதெல்லாம் மேலிருந்து வரும். பொறுப்பு அவருடையது, அதிகாரம் பிறருடையது.

ஊதியத்தையும் சொல்லிவிடுவோம். மத்திய ஸர்க்கார் தன் திட்டக் கணக்கில் மாதம் 3,000 ரூபாயாக வைத்திருந்ததை 2018 அக்டோபர் முதல் 4,500 ஆக்கிற்று; உதவியாளருக்கு 1,500 என்பது 2,250 ஆயிற்று. இதற்குமேல் மாகாண ஸர்க்கார்கள் தத்தம் மனம்போல் கூட்டிக் கொடுக்கின்றன. இதற்குப் பெயர் கௌரவ ஊதியம். கலெக்டரின் சம்பளத்துக்கு ஏனோ இந்தக் கௌரவத்தை எவரும் சூட்டவில்லை!

சட்டமும் வெகுகாலம் இவர்களுக்கு அநுகூலமாயில்லை. அங்கன்வாடி ஊழியர் வகிப்பது ஸர்க்கார் உத்தியோகமன்று என்று சுப்ரீம் கோர்ட்டு 2006-இல் தீர்மானித்தது. பின்னர் 2022 ஏப்ரலில், கிஜுபாயின் குஜராத்திலிருந்தே வந்த வழக்கொன்றில், 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்குச் செல்லும் என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. மையம் ஒரு ஸ்தாபனமே என்றும், கௌரவ ஊதியம் அச்சட்டத்தின்படி கூலியே என்றும், பகுதி நேர வேலை என்ற வாதம் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று என்றும் நீதிபதிகள் கண்டார்கள். வக்கீல் என்ற முறையில் நாம் இத்தீர்ப்பை மனப்பூர்வமாக வரவேற்கிறோம். எனினும் பணிக்கொடை வேலையை விட்டு நீங்கும்போது வருவது. வேலையிலிருக்கும் இன்றைக்கு வழி என்ன?

கணக்கெழுதவும் வீடு வீடாகப் போகவும் ஒவ்வொரு மையத்துக்கும் வேறொருவரை நியமிக்க வேண்டும். உள்ளூர்த் தேவையை அறிந்து செலவிட ஒரு சிறு தொகை மையத்தை நடத்துபவர் கையில் இருக்க வேண்டும். பஞ்சாயத்து முதல் சட்டசபை வரை நமது தொண்டர்கள் இவ்விரண்டையும் கேட்க வேண்டும். ஆதாரமில்லாமல் கேட்டால் அதிகாரிகள் மறுப்பார்கள். ஆதலால் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள மையத்துக்கு ஒரு வாரம் காலையில் போய், அந்த அம்மையார் குழந்தைகளோடு எத்தனை நிமிஷம் இருந்தார், கைப்பேசியோடும் பதிவேடுகளோடும் எத்தனை நிமிஷம் இருந்தார் என்று, அவர் பெயரைக் குறிப்பிடாமல் எழுதி அனுப்புவார்களாக. வருவனவற்றை நாம் இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.