ஓடுபாதையில் ஒரு சொல்



தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெசன்ட் நகர் கடற்கரையில் நின்று நோக்கினால், கடற்பக்கமிருந்து விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து வருவதைக் காணலாம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் உங்கள் மகனோ, உம்ரா முடித்துத் திரும்பும் உங்கள் பெற்றோரோ அவற்றில் ஒன்றில் இருக்கக்கூடும். அவர்கள் இறங்கும் மீனம்பாக்கத்தில், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரு ஓடுபாதைகள் உள்ளன. அனுமதியின்றி வேறொரு விமானமோ வாகனமோ அங்கு நுழைந்துவிட்டால் என்னாகும்? அதனைத் தடுக்கும் முதல் அரண், வானொலி வழியே செல்லும் சில சொற்களே!

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வரும் கட்டளைக்கு விமானி 'சரி' என்று மட்டும் விடையளித்தல் போதாது. ஓடுபாதைக்கு வெளியே நிற்பதாயினும், அதனைக் கடப்பதாயினும், இறங்குவதாயினும், ஓடுபாதையின் எண்ணையும் தம் விமானத்தின் அழைப்புப் பெயரையும் சேர்த்து அக்கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மத்ரஸா மாணவர் உஸ்தாதிடம் பாடம் ஒப்புவிப்பதைப் போன்றதே இது. பிழையிருப்பின் கோபுர அலுவலர் உடனே திருத்த வேண்டும். சொல்பவருக்குள்ள பொறுப்பு கேட்பவருக்கும் உண்டல்லவா?

இவ்வொழுங்கின் அருமையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குரிய டெனரீஃப் தீவில் மூடுபனி சூழ்ந்திருந்தது. பான் ஆம் விமானம் ஓடுபாதையில் இருக்கும்போதே, கே.எல்.எம். விமானம் அனுமதி பெறாமல் புறப்பட விரைந்தது. ஒரே வேளையில் இருவர் பேசியதால் வானொலியில் இரைச்சல் எழுந்து, பான் ஆம் விமானிகளின் எச்சரிக்கை தெளிவாகக் கேட்கவில்லை. 583 பேர் மாண்டனர். அதன் பின்னரே, புறப்பட அனுமதி வழங்கும்போதும் அதனை ரத்துச் செய்யும்போதும் தவிர வேறெப்போதும் 'டேக் ஆஃப்' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்ற விதி நிலைபெற்றது.

நம் நாட்டின் துயரம் வானிலேயே நிகழ்ந்தது. 1996 நவம்பர் 12 அன்று, அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் உயிரிழந்தனர். பிழைப்புக்காகச் சவூதி சென்றுகொண்டிருந்த இந்தியர் பலர் அதில் மறைந்தனர். கஜகஸ்தான் விமானம் தனக்குக் குறிக்கப்பட்ட 15,000 அடி உயரத்திற்குக் கீழே இறங்கியதே காரணம். அவ்விமானிகளின் ஆங்கில அறிவுக் குறைவும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது.

திருப்பிச் சொல்வது மட்டும் போதுமா? போதாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், ஓடுபாதைக்கு வெளியே நிற்குமிடம்வரை செல்லுமாறு பெற்ற கட்டளையைக் கடலோரக் காவற்படை விமானம் சரியாகவே திருப்பிச் சொன்னது. ஆயினும் அனுமதி கிடைத்ததாக எண்ணி ஓடுபாதைக்குள் நுழைந்தது. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன்மீது மோதியது. பயணிகள் விமானத்தின் 379 பேரும் தப்பினர். காவற்படையினர் ஐவர் மாண்டனர். எனவே செவியோடு கண்ணும் விழித்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்குத் திருப்பப்பட்ட ஏர் இந்தியா விமானமொன்று, இறங்கும் தறுவாயில் மீண்டும் மேலெழுந்தது. ஓடுபாதையில் வேறொரு விமானம் நின்றதாக அதில் பயணித்த நாடாளுமன்ற உறுப்பினர் கே.சி. வேணுகோபால் கூறினார், நிறுவனம் அதனை மறுத்தது. காரணம் எதுவாயினும், ஐயம் எழுந்தால் மேலெழுவதே முறை.

ஆகவே, உங்கள் விமானம் இறங்காமல் மேலெழுந்தாலோ, ஓடுபாதையின் விளிம்பில் நெடுநேரம் நின்றாலோ சினம் கொள்ளாதீர்கள். அந்தத் தாமதம் உங்கள் உயிரைக் காப்பதற்கே!