அரைவட்டத்துக்கு அடங்காத அணிகள்

ஆயிரம் நிரை, ஆயிரம் நிரல் கொண்ட ஓர் அணி. நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் −1 என்று கட்டங்களை நிரப்புகிறோம். மூலைவிட்டத்துக்கு மேலே இருப்பது கீழேயும் அப்படியே வரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மொத்தம் 5,00,500 முறை சுண்ட வேண்டும். கையால் முடியாது, கணினியிடம் விட்டுவிடலாம்.

ஓர் அணி, தன்னிடம் வரும் திசையன்கள் எனும் அம்புகளில் பெரும்பாலானவற்றைத் திருப்பிவிடும். சில அம்புகள் மட்டும் தம் கோட்டை விட்டு விலகாமல் நீளும் அல்லது சுருங்கும். எத்தனை மடங்கு என்பதே ஐகன் மதிப்பு. நம் அணிக்கு அப்படி ஆயிரம் மதிப்புகள். அவற்றை √1000 ஆல் வகுத்து, எங்கே எத்தனை விழுகின்றன என்று வரைந்தால் −2 முதல் 2 வரை ஓர் அரைவட்டம் தெரியும். கனமான அணுக்கருக்களின் ஆற்றல் மட்டங்களை ஆராய்ந்த யூஜீன் விக்னர் 1955இல் கண்ட விதி இது.

இப்போது நிபந்தனையை இறுக்குவோம். மூலைவிட்டத்துக்கு இணையான ஒவ்வொரு கோட்டிலும் ஒரே எண்தான் வரலாம். ஆயிரம் முறை சுண்டினால் போதும். இது டோப்ளிட்ஸ் அணி. இரண்டு நாள்களின் வெப்பநிலைகளுக்கு இடையிலான உறவு, நடுவே உள்ள இடைவெளியை மட்டும் பொறுத்தது என்று கொண்டால் இந்த அமைப்புதான் கிடைக்கும். இதன் ஐகன் மதிப்புகள் எப்படிப் பரவும்? 1999இல் சிதோங் பாய் இதை விடை தெரியாத கேள்வியாக முன்வைத்தார். 2005இல் ஹேமண்டும் மில்லரும், 2006இல் ப்ரிக், டெம்போ, ஜியாங் ஆகிய மூவரும் ஒரு நிலையான வளைவு உண்டு என்று நிறுவினார்கள். அது அரைவட்டமும் இல்லை, மணி வடிவ இயல்நிலைப் பரவலும் இல்லை.

√1000 ஆல் வகுத்த ஐகன் மதிப்புகளின் நான்காம் படிகளின் சராசரியைப் பாருங்கள்: அரைவட்டத்துக்கு 2, மணி வடிவத்துக்கு 3, டோப்ளிட்ஸுக்கு 8/3. இந்தச் சராசரி, சில இணைப்புகளின் பங்குகளைக் கூட்டினால் வருவது: ஒரு வட்டத்தின் மேல் நான்கு புள்ளிகளை வைத்து இரண்டிரண்டாக இணைக்க மூன்று வழிகள் உண்டு. இரண்டில் கோடுகள் வெட்டிக்கொள்வதில்லை. அவை இங்கே வரும் எந்த அணியிலும் ஆளுக்கு 1 தரும். வேறுபாடெல்லாம் கோடுகள் வெட்டும் மூன்றாவது வழியில்தான். விக்னர் அணியில் அதன் பங்கு தேய்ந்து 0 ஆகிறது. டோப்ளிட்ஸில் 2/3. அது எங்கிருந்து வந்தது? 0க்கும் 1க்கும் இடையே மூன்று எண்களைச் சமவாய்ப்பில் எடுத்து, முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டி இரண்டாவதைக் கழியுங்கள். விடை மீண்டும் 0க்கும் 1க்கும் இடையே விழ நிகழ்தகவு 2/3. அணிக்கு ஓரங்கள் இருப்பதால் மிச்சம் வெளியே விழுந்துவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த எண் இதுதான்.

வலப்பக்கம் வெளியேறும் எண் இடப்பக்கம் நுழையும்படி ஓரங்களை இணைத்தால் சுற்று அணி. வெளியே விழ இடமே இல்லை. பங்கு 1, மொத்தம் 3, அதாவது மணி. எண்கள் எதிர்த்திசையில் சுற்றினால் மணியும் கலைந்துவிடும். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அரூப் போஸ், மித்ராவுடன் 2002இல் காட்டிய அந்த வளைவில் நடுவே பள்ளம், இருபுறமும் மேடு.

இந்த இரு சுற்று அணிகளின் வளைவுகளுக்கும் ஒருவரிச் சூத்திரம் உண்டு. டோப்ளிட்ஸின் வளைவுக்கு அடர்த்திச் சார்பு உண்டு என்று 2011இல் சென், விராக் இருவரும் நிறுவினார்கள். அந்தச் சார்பை எழுதிக்காட்டும் சூத்திரம்தான் கைக்கு வரவில்லை.