வேலைத்தூசி வீட்டுக்கு வரவேண்டாம்

பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடு வாங்கியவர்கள் நம்மில் பலர். கராஜ் கூரை, பழைய தரை ஓடு, சொரசொரப்பாகப் பூசிய சீலிங் ஆகியவற்றில் அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நார் இருக்கக்கூடும். 1999இல் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பூசியது அப்படியே இருக்கிறது.

இதை அகற்றுவோர் அணியும் வெள்ளை முழு உடுப்பை நாம் பார்த்திருப்போம். அதில் 'ரைப் 5' என்ற குறி இருக்கவேண்டும். நுண்தூசியைத் தடுக்கும் உடுப்பு அதுவே. சுவாசத்தை அது காக்காது, அதற்கு எஃப்.எஃப்.பி.3 முகக்கவசம் தனியாக வேண்டும். தாடி இருந்தால் முகக்கவசம் முகத்தோடு ஒட்டாது, பயனில்லை. தலைமூடி முகக்கவசத்தின் பட்டிகளுக்கு மேலாகவும், கால்சட்டை சப்பாத்துக்கு வெளியேயும் வரவேண்டும்.

அணிவதைவிடக் கழற்றுவதில்தான் தவறு நடக்கிறது. களைத்துப்போனவர் முதலில் முகக்கவசத்தைத்தான் இழுத்தெறிவார். அதைக் கடைசியில்தான் கழற்றவேண்டும். உடுப்பை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி, கல்நார்க் கழிவோடு போடவேண்டும். வீட்டில் தோய்க்கவே கூடாது. 1965இல் இலண்டனில் வெளியான ஆய்வொன்றில், கணவரின் வேலை உடுப்பைத் தோய்த்த மனைவியருக்கும் மெசோதீலியோமா என்னும் புற்றுநோய் வந்தது பதிவாகியுள்ளது. நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம்.

கடையில் உடுப்பு கிடைக்கிறதே என்று சனி, ஞாயிறில் தாமே சீலிங்கைச் சுரண்டுபவர்களும் இருக்கிறார்கள். துளையிடுமுன் மாதிரி எடுத்துச் சோதிப்பிப்போம். உடையாத கல்நாரைத் தொடாமல் விட்டாலே பெரும்பாலும் போதும்.