மலையேற்றக் காலணி

மலையேற்றக் காலணி என்பது கரடுமுரடான மலைப்பாதைகளில் நடப்பதற்கென்று வடிவமைக்கப்பட்ட, தடித்த அடிப்பகுதியும் ஆழமான பள்ளவரிகளும் கொண்ட காலணி வகை ஆகும். பேச்சு வழக்கில் இது பூட்சு அல்லது சூ என்றும், இலங்கைத் தமிழில் சப்பாத்து என்றும் வழங்கப்படுகிறது. இமயமலை போன்ற பனிமலைகளில் ஏறுவோர் அணியும் விறைப்பான காலணிகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை.

கடைகளில் கிடைக்கும் மலையேற்றக் காலணிகளுள் பெரும்பாலானவை ஐரோப்பாவின் குளிர்ந்த, ஈரமான மலைகளை மனத்திற்கொண்டு உருவான வடிவங்களைப் பின்பற்றுபவை. எனவே விலை உயர்ந்த காலணியே சிறந்தது என்னும் பொதுவான எண்ணம் தமிழ்நாட்டின் வறண்ட மலைகளுக்குப் பல வேளைகளில் பொருந்துவதில்லை. இக்கட்டுரையில் கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையைச் சூழ்ந்துள்ள மலைகள் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மலையேறுவோர், அடியில் இரும்பு ஆணிகள் அறையப்பட்ட தோல் காலணிகளையே அணிந்தனர். ஆணிகள் மண்ணிலும் பனிக்கட்டியிலும் பிடிமானம் தந்தன. ஆனால் அவை பாதத்தின் வெப்பத்தை வெளியே கடத்தின. செங்குத்தான பாறையில் வழுக்கின. 1935 இல் இத்தாலியின் ஆல்ப்சு மலைப்பகுதியில் நிகழ்ந்த விபத்தொன்றில் ஆறு மலையேறிகள் உயிரிழந்தனர். தகுதியற்ற காலணிகளும் அதற்கு ஒரு காரணம் எனக் கருதிய மலையேற்ற வழிகாட்டி விட்டாலே பிரமானி, வல்கனைசு செய்யப்பட்ட இரப்பரால் ஆழமான பள்ளவரிகள் கொண்ட அடிப்பகுதியை உருவாக்கினார். டயர் உற்பத்தி நிறுவனமான பிரெல்லி இம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தது. அவர் பெயரின் சுருக்கமே விப்ரம் என்னும் வணிகப் பெயர். 1954 இல் கே2 கொடுமுடியை முதன்முதலில் எட்டிய இத்தாலியக் குழுவினர் இவ்வகை அடிப்பகுதி கொண்ட காலணிகளை அணிந்திருந்தனர்.

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பழைய வண்டி டயரை வெட்டித் தைக்கப்படும் டயர் செருப்பும் இதே இரப்பரின் உராய்வைத்தான் பயன்படுத்துகிறது. அடிப்பிடிமானத்தைப் பொறுத்தவரை அதைக் குறைத்து மதிப்பிட இயலாது. விரல்களுக்கும் குதிகாலுக்கும் காப்பு இல்லாமையே அதன் குறை.

தரையின் இயல்பு

காலணியைத் தேர்வதற்கு முன் அறிய வேண்டியது, நடக்கப்போகும் தரை எத்தகையது என்பதாகும். ஊத்தங்கரைக்கு வடகிழக்கிலும் கிழக்கிலும் ஏலகிரியும் ஜவ்வாது மலையும், தெற்கில் தீர்த்தமலையும் சித்தேரி மலையும், தென்மேற்கில் சேர்வராயன் மலையும் அமைந்துள்ளன. இவை அனைத்தும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் இலையுதிர் காடுகளும் முட்புதர்களும் இம்மலைகளின் சரிவுகளில் மிகுதி.

கருங்கல் வகைப் பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து பருமணலாகவும் சரளையாகவும் உதிர்கின்றன. சாய்ந்த பாறைப் பரப்பின்மேல் பரவிக் கிடக்கும் இப்பருமணலே இங்கு வழுக்கி விழுவதற்கு முதன்மையான காரணம். காலுக்கும் பாறைக்கும் இடையில் ஒவ்வொரு மணியும் ஒரு சிறு உருளையைப் போல் இயங்குகிறது. வெற்றுப் பாறையில் இரப்பர் நேரடியாகப் படிய வேண்டுமாதலால் மென்மையான இரப்பரும் அகன்ற தொடுபரப்பும் பயன் தரும். உதிரிச் சரளையிலோ ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழமுள்ள, இடைவெளி விட்டு அமைந்த பற்களே பிடிக்கும். இவ்விரண்டும் கலந்து வரும் பாதைக்கு, முன்பாதத்தின் நுனியில் சமதளமான இரப்பர்ப் பரப்பும் எஞ்சிய பகுதியில் பற்களும் கொண்ட அடிப்பகுதி ஏற்றது. அருவியோரப் பாசி படிந்த ஈரப்பாறையில் எந்த இரப்பரும் முழுமையாக நம்பத்தக்கதன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலை வேறு. சோலைக்காடுகளில் மண் ஈரமானது. மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி. அங்கு காலணியைவிட, நெருக்கமாக நெய்யப்பட்டு முழங்கால் வரை நீளும் அட்டைக் காலுறையே கூடுதல் பயன் தரும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு டிரெக் தமிழ்நாடு என்னும் திட்டத்தின்கீழ் 40 மலைநடைப் பாதைகளை அறிவித்தது. ஏலகிரியின் சுவாமிமலைப் பாதையும், தேனி மாவட்டத்தின் குரங்கணி பாதையும், கோவையின் வெள்ளியங்கிரி பாதையும் அப்பட்டியலில் உள்ளன. மூன்றுக்கும் ஒரே காலணியைப் பரிந்துரைப்பது பொருத்தமாகாது.

உயரமும் எடையும்

கணுக்காலை மூடும் உயரமான காலணி கணுக்கால் சுளுக்கைத் தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வுகள் இதை ஐயமின்றி நிறுவவில்லை. காலணியின் உயரத்தைக் காட்டிலும் குதிகால் கிண்ணத்தின் உறுதியும் அடிப்பகுதியின் அகலமும் முறுக்கு எதிர்ப்பும் கருதத்தக்கவை. காலணியின் முனையையும் குதியையும் இரு கைகளால் பிடித்துத் துணியைப் பிழிவது போல் முறுக்கிப் பார்க்கலாம். எளிதில் முறுக்கிக்கொள்வது மலைக்கு ஆகாது. விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே அது வளைய வேண்டும்.

எனினும் உயரமான காலணிக்கு இப்பகுதியில் வேறொரு நியாயம் உண்டு. வறண்ட பாறைப் பகுதிகளில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் வாழ்கின்றன. பாம்புக்கடிகளுள் பெரும்பாலானவை கால்களின் கீழ்ப்பகுதியிலேயே நிகழ்கின்றன. தடித்த மேற்பகுதி கடியின் வீரியத்தைக் குறைக்கலாம், ஆனால் முழுமையான காப்பு அளிக்காது.

எடை குறித்த கணக்கு எளியது. காலில் கூடும் ஒரு கிலோகிராம், முதுகில் கூடும் ஏறத்தாழ ஐந்து கிலோகிராமுக்கு இணையான ஆற்றலைச் செலவழிக்கச் செய்கிறது எனச் சோதனைகள் காட்டியுள்ளன. ஒவ்வோர் அடியிலும் காலைத் தூக்கி, விரைவாக்கி, மீண்டும் நிறுத்த வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். ஒரு சோடி 1,400 கிராம் எடையுள்ள தோல் காலணிக்கு மாற்றாக 800 கிராம் எடையுள்ள காலணியைத் தேர்ந்தால் முதுகில் 3 கிலோகிராம் குறைத்ததற்கு அது நிகராகும். அது 3 லிட்டர் தண்ணீரின் எடை. சித்திரை வெயிலில் ஜவ்வாது மலைச் சரிவில் ஏறுவோருக்கு உயர்ரகத் தோலைவிடத் தண்ணீரே தேவை.

நீர்புகாமை

நீர்புகாத காலணிகளில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய படலம் ஒன்று உள்ளே வைத்துத் தைக்கப்படுகிறது. 1969 இல் பாப் கோர் கண்டறிந்த, இழுத்து விரிக்கப்பட்ட பிடிஎஃப்இ என்னும் நெகிழியே இவற்றுள் புகழ்பெற்றது. நீர்த்துளி நுழைய இயலாத அத்துளைகள் வழியே நீராவி வெளியேறும். ஆனால் உள்ளும் புறமும் ஈரப்பத வேறுபாடு இருந்தால்தான் ஆவி நகரும். வெளியே வெப்பமும் புழுக்கமும் கூடியிருக்கும்போது அந்நகர்வு மிகவும் மெதுவாகி வியர்வை உள்ளேயே தங்குகிறது. நனைந்த தோல் எளிதில் உராய்ந்து கொப்புளமாகிறது. ஓடையைக் கடக்கையில் மேல்விளிம்பு வழியே புகும் நீரையும் இப்படலம் வெளியே விடாது. ஆகவே ஊத்தங்கரை வட்டார மலைகளுக்குப் படலமற்ற, விரைவில் உலரும் வலைத்துணி மேற்பகுதியே போதுமானது. பல வேளைகளில் அதுவே மேலானது.

அளவு

தவறான அளவே மிகுதியான துன்பத்தைத் தருகிறது. இந்தியாவில் பெரும்பாலும் பிரித்தானிய அளவு எண்களே வழக்கத்தில் உள்ளன. அவற்றில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே நீளத்தில் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. ஐரோப்பிய எண்களில் இது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். இரு முறைகளும் நீளத்தையே கூறுகின்றன. அகலம் குறித்து அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாண வருடிகளால் அளந்தது. இந்தியரின் பாதங்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் ஆகியோரின் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானவை என இவ்வாய்வு கண்டது. இதன் அடிப்படையில் பாரத் என்னும் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு பா எனப்படும் இந்திய அளவுமுறை 2024 இல் முன்மொழியப்பட்டது.

மலைப்பாதையில் இதன் விளைவு தெளிவானது. அகலம் போதாமையால் ஒருவர் ஓர் எண் பெரிய காலணியை வாங்குகிறார். முன்பாதம் இப்போது அடங்குகிறது. ஆனால் குதிகால் தளர்கிறது. ஏறும்போது குதி உயர்ந்து தாழ்ந்து கொப்புளம் உண்டாகிறது. இறங்கும்போது பாதம் முன்னே சரிந்து விரல்கள் காலணியின் முனையில் மோதுகின்றன. பல மணி நேர இறக்கத்திற்குப் பின் பெருவிரல் நகம் கருத்துப்போவது இதனால்தான். தளர்வை ஈடுகட்ட நாடாவை இறுக்கினால் மேற்பாதம் வலிக்கிறது. எனவே நீளத்தைக் கூட்டாமல், அகலமான கால் அச்சில் செய்யப்பட்ட வடிவத்தைத் தேடுவதே சரியான வழி.

நாள் முழுதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் வாங்குவது நல்லது. சுவரில் குதியை ஒட்டி வைத்து, தாளின்மேல் நின்று இரு பாதங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருப்பது அரிது, பெரியதே கணக்கு. மலையில் அணியப்போகும் அதே காலுறையை அணிந்து, நாடா கட்டாத காலணியில் பாதத்தை முன்னே தள்ளினால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். பின்னர் நாடாவைக் கட்டிக்கொண்டு சாய்தளம் ஒன்றில் இறங்கிப் பார்க்க வேண்டும். கடையில் சாய்தளம் இல்லையெனில் படிக்கட்டு போதும். விரல் முனை இடித்தால் அந்தக் காலணியைத் தவிர்க்க வேண்டும். பழகப் பழகச் சரியாகிவிடும் எனக் கூறப்படுவது தோலின் அகலத்துக்கு ஓரளவு பொருந்தும், நீளத்துக்குப் பொருந்தாது.

பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை இதனினும் ஏற்றது.

கோயில் மலைகள்

தீர்த்தமலை, வெள்ளியங்கிரி, பருவதமலை போன்ற மலைகளில் அடியவர் பலர் வெறுங்காலுடனேயே ஏறுகின்றனர். காலணியுடன் வருவோரும் கோயிலருகே அதைக் கழற்ற வேண்டியிருக்கும். உச்சி வெயிலில் பாறை மிகவும் சுடும் என்பதால் விடியலில் ஏறும் வழக்கம் நடைமுறைப் பயனும் உடையது. இத்தகைய பாதைகளுக்கு எளிதில் கழற்றி மாட்டத்தக்க தாழ்ந்த காலணி வசதியானது.

பேணுதலும் பழுதும்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை தோல், காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அடிப்பகுதி தைத்து இணைக்கப்பட்ட தோல் காலணியாயின், தேய்ந்த அடியை மாற்றித் தைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். இன்றைய இலகுவான காலணிகளில் பெரும்பாலானவை பசையால் ஒட்டப்பட்டவை.

பலர் அறியாத பழுது ஒன்று உண்டு. மேல் அடிக்கும் கீழ் அடிக்கும் இடையே உள்ள மெத்தைப் பகுதி சிலவற்றில் பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரப்பதம் இதன் மூலக்கூறுப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது; இது நீராற்பகுப்பு எனப்படும். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் இது விரைவுபடுகிறது. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் இப்பகுதி உதிரத் தொடங்கும். பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் காலணியின் அடி, பாதி வழியில் முழுவதுமாகக் கழன்று விழுவது இதனால்தான். தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்குமுன் உற்பத்தித் திகதியைப் பார்ப்பது நன்று. நெடுநாள் வைத்திருந்த காலணியாயின், மெத்தைப் பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். அது மீளாமல் குழிந்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ மலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.