காற்று வீசினால் கரி உலையில் கலக்கம்!

ஆனி, ஆடி மாதங்களில் குளத்தூர்க் கரிசல் காட்டில் மேல்காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். அதே பருவக் காற்றுத்தான் கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அத்துடன் அதன் வேலை முடிவதில்லை. தூத்துக்குடி போன்ற அனல் மின்சார நிலையங்களில் எரியும் தீயையும் அது ஆட்டி வைக்கிறது என்பது விந்தைதான்!

மின்சாரத்தை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைப்பது சுலபமல்ல. காற்றாலை மின்சாரம் பெருகினால் அனல் நிலையம் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். காற்று ஓய்ந்தால் கூட்ட வேண்டும். அதாவது, உலைக்குள் போகும் நிலக்கரியைக் குறைக்கவும் கூட்டவும் வேண்டும்.

வீட்டு அடுப்பில் விறகை இழுப்பது போலன்று இது. 1979-ல் முதல் யந்திரம் ஓடிய தூத்துக்குடியில் நிறுவப்பட்ட ஐந்தும் தலா 210 மெகாவாட் சக்தி கொண்டவை. இத்தகைய உலைகளில் நிலக்கரியை மாவாக அரைத்துக் காற்றோடு ஊதுகிறார்கள். தீ சுழித்துக் கொந்தளித்து எரிகிறது. அந்தக் கொந்தளிப்புத்தான் அதற்கு உயிர்! எரிந்த வாயு சுழன்று திரும்பி வந்து, புதிதாக நுழையும் தூளைப் பற்ற வைக்கிறது. தூள் திடீரென்று குறைந்தால் காற்று மிஞ்சி, உஷ்ணம் தணிந்து, ஜ்வாலை துடிக்கும்; அணைந்தும் போகலாம். திடீரென்று கூடினாலோ, காற்றுப் போதாமல் கரி அரைகுறையாக எரியும்.

அணைந்தால் மறுபடி பற்ற வைத்தால் போயிற்று என்று நினைக்கலாம். அங்கேதான் இருக்கிறது ஆபத்து. தீ அணைந்த பின்னும் தூள் உள்ளே சேர்ந்துகொண்டே போனால், ஒரு பொறியில் அத்தனையும் ஒருசேரப் பற்றி, உலையே வெடிக்கக்கூடும். ஆகவே, தீயை இமைக்காமல் கவனிக்க மின்கண்கள் உண்டு. தீ மறைந்தது என்று அவை அறிவித்ததும் எரிபொருள் தானே அடைபட்டுவிடும். புதுக் காற்றை ஊதி உலையைச் சுத்தம் செய்த பிறகே மீண்டும் பற்ற வைப்பார்கள். தளரும் தீயைத் தாங்கிப் பிடிக்க எண்ணெய்ச் சுடரும் உண்டு. ஆனால் எண்ணெய் விற்கும் விலையில் அதை எத்தனை நேரம் எரிப்பது?

2023-ல் மத்திய மின்சார ஆணையம் விதிகள் வகுத்தது. நிலக்கரி நிலையங்கள் முழுச் சக்தியில் 55 சதவிகிதத்துக்கும், பின்னர் 40 சதவிகிதத்துக்கும் இறங்கி ஓடப் பழக வேண்டும். 70-க்கு மேல் இருக்கும்போது நிமிடத்துக்கு 3 சதவிகிதமாவது ஏறி இறங்கும் திறன் வேண்டும்; 55 முதல் 70 வரை 2; அதற்கும் கீழே 1 சதவிகிதம் போதும். 210 மெகாவாட் யந்திரத்துக்கு அது நிமிடத்துக்கு 2.1 மெகாவாட்தான். தீ சிறுத்திருக்கும்போது அதைத் துரிதப்படுத்த விதி எழுதியவர்களுக்கும் துணிவில்லை!