அகத்தியருக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்த குவாசார்

மாசி மாத முன்னிரவில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அதற்கு வடமேற்கே, நீட்டிய கையின் முட்டியளவைவிடச் சற்றுத் தள்ளி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பக்கத்துச் சிதம்பரத்தில் திரையை விலக்கினால் ஆகாயம். இங்கே ஆகாயத்தை விலக்கினால் ஒரு குவாசார்!

ஜே0529-4351 என்பது அதன் பெயர். கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிடவும் சுமார் 10,000 மடங்கு மங்கல். உண்மையில் அது 500 லட்சம் கோடி சூரியன்களுக்குச் சமமாக ஒளிர்கிறது. நடுவிலுள்ள கருந்துளை நாளொன்றுக்கு ஒரு சூரியனளவு வாயுவை விழுங்குகிறது என்பது கண்டுபிடித்தவர்களின் கணக்கு. விழுமுன் சுழன்று கொதிக்கும் அந்த வாயுதான் வெளிச்சம் தருகிறது. ஒளி நம்மை வந்தடைய 1,200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 1980இல் எடுத்த வான்படத்திலேயே அது இருந்தது. அடையாளம் தெரிந்து அறிவிப்பு வந்தது 2024 பிப்ரவரியில்.

குவாசார் பார்வைக்கு நட்சத்திரம் போலவே ஒரு புள்ளி. முதலில் பிடிபட்ட 3சி 273ஐயும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். 1963இல் மார்ட்டென் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்த பிறகே உண்மை வெளிப்பட்டது. (‘குவாசார்’ என்ற சொல்லையே தன் ஆய்விதழில் 1970 வரை ஏற்காமல் இருந்த ஆசிரியர், நம் சுப்ரமணியன் சந்திரசேகர்!) பின்னர் ஷ்மிட்டும் ரிச்சர்ட் கிரீனும் 10,714 சதுர பாகை வானத்தில் புற ஊதா ஒளி மிகுந்த புள்ளிகளைச் சலித்து, 1983இல் 114 பெயர் கொண்ட பட்டியலை வெளியிட்டார்கள்.

அந்தச் சல்லடையில் ஜே0529-4351 சிக்காது. பிரபஞ்ச விரிவால் ஒளியலைகள் ஐந்து மடங்கு நீண்டு, 121.6 நானோமீட்டரில் கிளம்பிய ஹைட்ரஜனின் புற ஊதா ஒளி சுமார் 603இல், ஆரஞ்சு நிறமாக வந்து சேர்கிறது. சுமார் 180 கோடி புள்ளிகளை அளந்த கையா விண்கலத்தின் கணினி முறையோ, ‘குவாசாருக்கு இவ்வளவு வெளிச்சமா?’ என்பதுபோல் அதை நட்சத்திரக் கணக்கில் தள்ளிவிட்டது. மிகப் பிரகாசமாக இருந்ததே அது தப்பியதற்குக் காரணம்.

இன்னொரு காரணம் இருப்பிடம். ஷ்மிட்டும் கிரீனும் வானத்தைச் சலித்த கலிபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்திலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 13 பாகைகூட ஏறாது. சிதம்பரத்தில் 34 பாகைக்கு மேல் ஏறும்; ஜவ்வாது மலைக் காவலூரில் 33. அதைக் குவாசார் என்று உறுதிசெய்தது ஆஸ்திரேலியாவின் 2.3 மீட்டர் தொலைநோக்கி. காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் விட்டம் 2.34 மீட்டர்.