மேசைமேல் ஒரு பார்சிக் சுரங்கம்

டோம்பிவிலியிலிருந்து தாணே போகும் மும்பை ஃபாஸ்ட் லோக்கலில் பல்லாண்டு காலம் ஒரு வழக்கம் இருந்தது. திவா தாண்டியதும் செல்போனில் பேசிக்கொண்டிருப்பவர்கள், "டன்னல் வருது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார்கள். 1916-இல் திறந்த பார்சிக் சுரங்கம் 1.3 கிலோமீட்டர் நீளம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் ஒருமுறை செல்போன் செயலியில் மின்கட்டணம் கட்டப்போய், இரண்டு தடவை கட்டினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தினேன். இரண்டுமே போயிருந்தன.

அந்தச் செயலியை எழுதியவரை முழுதாகத் திட்ட மனம் வரவில்லை. அவருக்குச் சர்வர் பக்கத்து அறையில், சில சமயம் அதே கணினியில். கேள்வி போய்ப் பதில் வர 1 மில்லிவினாடி. செயலி ஒரு பக்கத்தைத் திறக்க 20 கேள்வி கேட்கிறது, ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் மொத்தம் 20 மில்லிவினாடி. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். கேள்விக்கு 300 மில்லிவினாடி பிடிக்கும் இடத்தில் அதே பக்கம் 6 வினாடி இழுக்கும்.

இணையப் பிளானை மாற்றி வேகத்தை (எம்பிபிஎஸ்) கூட்டினாலும் இந்தத் தாமதம் தீராது. குழாயை அகலமாக்கினால் தண்ணீர் கூட வரும், ஏரி பக்கத்தில் வந்துவிடுமா? கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். மும்பையிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 12,500 கிலோமீட்டர். நேர்கோட்டில் இழை போட்டாலும் போய்வர 125 மில்லிவினாடி ஆகியே தீரும்.

எனவே சுரங்கத்தையே மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். 1997-இல் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிட்சோ, மோசமான இணைப்பைக் கணினியிலேயே போலியாக உருவாக்கும் 'டம்மிநெட்' என்ற கருவியை எழுதினார். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் 'நெட்எம்' பற்றி ஸ்டீபன் ஹெமிங்கர் 2005-இல் கட்டுரை வாசித்தார். நெட்எம் வேலை செய்யும் விதம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். வெளியே கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) அவுட்டர் சிக்னலில் ரயிலை நிறுத்துவதுபோல நிறுத்தி, விடவேண்டிய நேரத்தைக் குறித்து, அந்த நேரம் வந்ததும் விடுகிறது. நூற்றுக்கு ஐந்தைத் தொலைத்துவிடு என்றால் தொலைத்துவிடும்.

தினமும் பத்து நிமிடம் தாமதமாக வரும் லோக்கலால் யாருக்கும் தொல்லையில்லை. பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் போயிற்று. இன்று இரண்டு, நாளை இருபது என்றால்தான் வாழ்க்கை கெடும். இதற்கு 'ஜிட்டர்' என்று பெயர். நெட்எம்மில் அதையும் சேர்க்கலாம். சேர்த்தால், முன்னால் கிளம்பிய ஸ்லோ வண்டியைப் பின்னால் வந்த ஃபாஸ்ட் முந்துவதுபோல, பாக்கெட்டுகள் வரிசை மாறியும் போய்ச்சேரும்.

என் மின்கட்டணக் கதையில் தாமதத்தைவிடப் பொல்லாதது ஒன்று இருந்தது. பணம் போய்ச் சேர்ந்து, 'சேர்ந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தால், செயலியின் பார்வையில் அது போகாத பணம்தான். மருந்து எளிது: ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் கொடுத்து, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்பவேண்டும். சர்வர் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் இரண்டாவது தடவை பணம் எடுக்காது. பதிலைத் தொலைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு இல்லாத செயலி மேசையிலேயே அகப்பட்டுக்கொள்ளும்.

2015-இல் ஃபேஸ்புக், இந்தியா போன்ற நாடுகளின் நிலை தன் ஊழியர்களுக்குப் புரியவேண்டும் என்று '2ஜி செவ்வாய்' கொண்டுவந்தது. விரும்பியவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் 2ஜி வேகம். நாம் வாரம் முழுக்க, யாரும் கேட்காமலே பட்டது அது!

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது செயலியோ இணையதளமோ செய்கிறார்களா? குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, 'நெட்வொர்க்' பகுதியில் 3ஜி-யைத் தேர்ந்தெடுத்து, தாங்கள் செய்ததைத் தாங்களே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். காசு செலவில்லை.